“தினமும் அரை மணி நடை” மட்டும் போதுமா? மண்டபத்தில் ஒட்டுற தாளைத் திருத்தித் தாங்க

வாவிக்கரை:

இலங்கையில் மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு மூத்தோர் சங்க மண்டபம். அதே வளவுக்குள் ஒரு முன்பள்ளி. இரண்டுக்கும் பொதுவாக, எந்த வயசுக்கு எவ்வளவு உடல் அசைவு வேணும் என்று ஒரு தாள் ஒட்ட இருக்கு. அளவுகளை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலில் இருந்து எடுத்தது. 5 வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2019இலும் மற்றவர்களுக்கு 2020இலும் வெளியானவை. நாடுகள் தங்கட தேசிய வழிகாட்டலை எழுதும்போது பெரும்பாலும் இந்த அளவுகளையே அடியாக வைக்கின்றன. முதல் வரைவு:

1 வயசு ஆகாத பிள்ளை: தரையில் விளையாட்டு, குப்புறப் படுக்க வைத்தல் 30 நிமிடம்.
1–2 வயசு: ஒரு நாளைக்கு 180 நிமிடம்.
3–4 வயசு: 180 நிமிடம், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்க.
5–17: ஒரு நாளைக்கு 60 நிமிடம்.
18–64: கிழமைக்கு 150 நிமிடம்.
65க்கு மேல்: தினமும் அரை மணி நடை.

ஒரு கிழமையில் அச்சுக்குக் கொடுக்க வேணும். பிழை, விடுபட்டது எல்லாம் சொல்லுங்க.

பிசியோ கல்முனை:

கடைசி வரியைத்தான் முதலில் திருத்த வேணும் தம்பி. 65 தாண்டினால் அளவு குறையுது என்று நினைத்து எழுதியிருக்கிறீங்க. உண்மையில் கூடுது. நடுத்தர வேகத்தில் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் என்பது அவர்களுக்கும் அப்படியே இருக்கு. தசைப் பயிற்சி கிழமையில் 2 நாளாவது. அதற்கு மேலே, சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சி 3 நாள் அல்லது கூட. இந்த மூன்றாவதுதான் ஊரில் எந்தத் தாளிலும் வராது.

ஏன் தேவை என்றால், வயசானவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு நடையே நிற்கலாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் வந்த கொக்ரேன் மீளாய்வில், உடற்பயிற்சி விழுகையின் வீதத்தை 23 சதவீதம் குறைத்தது. பலன் தெளிவாகத் தெரிந்தது சமநிலைப் பயிற்சியும் எழும்பி இருத்தல் மாதிரி அன்றாட அசைவும் உள்ள திட்டங்களில். நடை மட்டும் செய்தால் விழுகை குறையும் என்பதற்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. நேர் ரோட்டில் நடக்கும்போது உடம்பு பக்கவாட்டில் தடுமாறி மீளப் பழகுவதில்லையே.

மண்டபத்தில் கதிரை இருக்கும். அது போதும்.

எழும்பி இருத்தல்: பிளாஸ்டிக் கதிரையின் முதுகு சுவரில் முட்ட வேணும். டைல்ஸ் தரையில் அது பின்னுக்கு வழுக்கும், ஆள் தரையில் இருப்பார். இருக்கை முழங்கால் மட்டம், 43 சென்ரிமீற்றர் அளவில். பதிவாக (தாழ்வாக) இருந்தால் கெட்டியான மெத்தை ஒன்று போடுங்க. பாதத்தை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, கைகளை நெஞ்சில் குறுக்கே வைத்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை முன்னுக்குச் சாய்ந்து எழும்ப வேணும். “எழும்பவே ஏலாது” என்று சொல்கிற பலர் சாயாமல் நேரே தூக்கப் பார்க்கிறார்கள். 2 எண்ணி எழும்பி, 3 எண்ணி இருங்க. பொத்தென்று விழுந்து இருந்தால் தசைக்கு வேலை பாதிதான். 8 முதல் 12 தரம், 2 சுற்று. எழும்பும்போது மூச்சை வெளியே விட வேணும். அடக்கினால் பிரஷர் சட்டென்று ஏறும்.

இதையே அளக்கவும் பாவிக்கலாம். 30 செக்கனில் கை ஊன்றாமல் எத்தனை தரம் முழுதாக எழும்புகிறார் என்று எண்ணுங்க. 65–69 வயசில் ஆண் 12க்குக் குறைய, பெண் 11க்குக் குறைய வந்தால் கால் பலம் சராசரிக்குக் கீழே. 70–74இல் ஆண் 12, பெண் 10. 75–79இல் ஆண் 11, பெண் 10.

சமநிலைக்கு நாலு நிலை, ஒவ்வொன்றும் 10 செக்கன். பாதம் இரண்டும் சேர்த்து நிற்பது, ஒரு பாதத்தின் உட்பக்கம் மற்றதன் பெருவிரலில் பட நிற்பது, ஒன்றின் குதிக்கால் மற்றதன் விரலில் முட்ட ஒரே கோட்டில் நிற்பது, ஒற்றைக்கால். மூன்றாவது நிலையில் 10 செக்கன் நிற்க ஏலாதவருக்கு விழுகிற ஆபத்து கூட. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பழகட்டும்: முதலில் இரண்டு கை, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல். பாத்ரூம் செருப்போடு செய்யக் கூடாது. வெறுங்கால் நல்லது. சீனி வருத்தத்தால் (நீரிழிவால்) பாதம் மரத்தவர் மட்டும் பின்வார் உள்ள, அடி வழுக்காத செருப்புப் போட வேணும்.

கிளித்தட்டு சேர்:

5–17 வரியில் மூன்று விசயம் விடுபட்டிருக்கு. ஒன்று, “சராசரியாக”. ஒரு நாள் 40 நிமிடம், அடுத்த நாள் 80 என்றாலும் சரிதான். இரண்டு, அந்த 60 நிமிடம் மூச்சு வாங்குகிற வேகத்தில் இருக்க வேணும். மூன்று, கிழமையில் 3 நாளாவது கடும் வேகமும், தசையையும் எலும்பையும் பலப்படுத்துகிற அசைவும். எலும்புக்கு நிலத்தில் மோதுகிற அதிர்வு தேவை: குதித்தல், ஓடி நின்று சட்டென்று திரும்புதல். சைக்கிளும் நீச்சலும் இதயத்துக்கு நல்லவை; அந்த மோதல் அவற்றில் இல்லை.

உடற்கல்விப் பாடம் இருக்கே என்று பெற்றோர் நினைக்கிறார்கள். 40 நிமிடப் பாடத்தில் 40 பிள்ளைகளுக்கு ஒரு பந்து என்றால், ஒரு பிள்ளை மூச்சு வாங்க ஓடுவது சில நிமிடம். மற்ற நேரம் வரிசையில் நிற்கும். இதற்குக் கைகண்ட மருந்து, கோடு கீறி மறித்து ஆடுகிற கிளித்தட்டு. ஒரு பக்கம் 5 பேராக நாலு தட்டுக் கீறினால் 40 பேரும் ஒரே நேரத்தில் ஆட்டத்தில் நிற்பார்கள். உள்ளே ஓடுகிறவர் குறுக்குக் கோடு தாண்டப் பாய்ந்து, நின்று, திரும்புகிறார். மறிக்கிற பக்கத்தில் “கிளி”யாக நிற்பவர் நடுக்கோட்டில் இடைவிடாமல் ஓடுகிறார். எலும்புக்குச் சொன்ன அத்தனையும் அதுக்குள்ளேயே இருக்கு. ஒரு தட்டுக்கு 4 நிமிடம் வைத்துப் பக்கம் மாற்ற வேணும், இல்லாவிட்டால் மறிக்கிற பக்கம் குளிர்ந்து போகும். செலவு ஒரு பை சுண்ணாம்புத் தூள்.

மழைக்காலத்தில் மண்டபத்துக்குள்ளே கயிறடிக்கலாம். 30 செக்கன் அடித்து 30 செக்கன் ஆறுதல், 10 சுற்று. கயிற்றின் நடுவை மிதித்துப் பிடித்தால் கைப்பிடி அக்குள் வரை வர வேணும். நீளம் கூடினால் கயிறு காலில் சிக்கும், பிள்ளை இரண்டு நாளில் விட்டிடும். வசந்தன் ஆட்டமும் வடமோடிக் கூத்தும் பழகுகிற இடங்களில் அந்த ஒத்திகை நேரத்தையும் தாராளமாகக் கணக்கில் சேருங்க. வடமோடியில் சுற்றி ஆடிவிட்டு உடனே பாட்டெடுக்கத் திணறுகிற பிள்ளை கடும் வேகத்தில்தான் இருந்திருக்கு.

படுவான்கரை:

அண்ணே, வயல் செய்யிற ஆக்கள் இந்தத் தாளைப் பார்த்தால், “நாங்க நாள் முழுக்க வேலை, எங்களுக்கு எதுக்கு?” என்று கேப்பாங்க. அதுக்குப் பதிலும் தாளில் இருக்க வேணும்.

வழிகாட்டல் வேலை, வீட்டுப் பாடு, போக்குவரத்து, விளையாட்டு எல்லாத்தையும் ஒரே கணக்கில்தான் சேர்க்குது. வரம்பு கட்டினதும் மண் சுமந்ததும் கணக்குத்தான். பிரச்சினை எங்க என்றால், அந்த வேலை வருசம் முழுக்க இல்லை. விதைப்புக்கு முந்தின கிழமைகள் கடுமை. பிறகு தண்ணி கட்டல், பசளை, மருந்து. வெட்டுக்கு மெசின் வந்திடும். பெரும்போகம் முடிஞ்சு சிறுபோகத்துக்குத் தண்ணி கிடைக்காத வயல் கண்டங்களில் மாசக் கணக்காக வேலை இல்லை. வயலுக்கும் இப்ப மோட்டார் சைக்கிளில்தான் போறது. கிழமைக்கு 150 என்பது ஒவ்வொரு கிழமைக்கும். தையில் செய்த வேலையை ஆனிக்குக் கொண்டுபோக ஏலாது.

மற்றது, வேலை ஒரே தசையையே போட்டு அடிக்கும். 16 லீற்றர் மருந்து டாங்கி நிரம்பினால் முதுகில் 16 கிலோவுக்கு மேலே. ஒரு கை பம்பு அடிக்க, மறு கை குழாயைப் பிடிக்க, நாரி (கீழ் முதுகு) ஒரு பக்கமே இழுபடும். அந்த ஆளுக்கு இன்னும் பாரம் தேவையில்லை. நாரி நிமிர்த்துகிற அசைவும், கை மாற்றி அடிக்கிற பழக்கமும் வேணும். டாங்கி வார் இரண்டும் ஒரே நீளத்தில் இருக்கா என்றும் பார்க்க வேணும். கரைவலை இழுக்கிறவங்களுக்கு மாறான கதை: முதுகுக்கும் கைக்கும் அதுவே முழுத் தசைப் பயிற்சி. வலை போடாத மாசங்களுக்கு மட்டும் வேற வழி பார்த்தால் போதும்.

வாவிக்கரை:

18–64 வரியில் “150 நிமிடம்” என்று விட்டதை “நடுத்தர வேகம் என்றால் 150 முதல் 300, கடும் வேகம் என்றால் 75 முதல் 150, தசைப் பயிற்சி 2 நாள்” என்று மாற்றியாச்சு. ஆனால் நடுத்தர வேகம் எது என்று சனம் எப்படி அறியும்? “10 நிமிடத்துக்குக் குறைந்தால் கணக்கில்லை” என்று போடவும் ஒரு அண்ணன் சொல்கிறார்.

பிசியோ கல்முனை:

அந்த 10 நிமிட விதி 2010 வழிகாட்டலில் இருந்தது. 2020இல் எடுத்தாச்சு. சந்திக் கடைக்கு 4 நிமிடம் விறுவிறு என்று நடந்தாலும் சேரும். போட வேண்டாம். “10,000 அடி” என்பதையும் சேர்க்காதீங்க. அது 1965இல் ஜப்பானில் விற்ற ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரில் இருந்து பரவின எண். இந்த வழிகாட்டலில் அடிக் கணக்கே இல்லை.

வேகத்துக்குப் பேச்சுச் சோதனை போதும். கதைக்கலாம், பாட ஏலாது என்றால் நடுத்தரம். நாலைஞ்சு சொல்லுக்கு ஒருக்கா மூச்சு வாங்கினால் கடுமை. பாட்டே பாடலாம் என்றால் அது மெல்லிய நடை, 150இல் சேராது. எண்ணிப் பார்க்க விரும்புகிறவர் 15 செக்கன் அடியை எண்ணட்டும். 25 வந்தால் நிமிடத்துக்கு 100. பெரும்பாலானோருக்கு அதுதான் நடுத்தரத்தின் தொடக்கம். கடும் வேகத்தில் 1 நிமிடம் நடுத்தரத்தில் 2 நிமிடத்துக்குச் சமம், கலந்தும் செய்யலாம்.

பிரஷருக்கு அட்டெனலோல் மாதிரிக் குளிசை எடுப்பவருக்கு நாடித் துடிப்பு வழக்கம்போல ஏறாது. மணிக்கூட்டில் துடிப்பைப் பார்த்து வேகம் கூட்டப் போனால் அளவு மீறும். அவர்களுக்கும் பேச்சுச் சோதனைதான்.

கடற்கரையில் நடக்கிறவர்களுக்கு ஒன்று. கல்லடியிலோ கல்முனையிலோ காய்ந்த மணலில் நடந்தால் அதே வேகத்துக்கு உடம்பு ஏறத்தாழ இருமடங்கு வேலை செய்யுது. தொடங்குகிறவர் ஈரம் பிடித்த கெட்டி மணலில் நடக்கட்டும். ஆனால் அந்தக் கரை கடல் பக்கம் சரிவு. ஒரே திசையில் போனால் ஒரு கால் எப்போதும் பதிவில் நிற்கும். முழங்காலும் இடுப்பும் நோகும். போன வழியாலேயே திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் சமன். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிக்கால் குத்துகிறவருக்கு வெறுங்கால் மணல் நடை சரிவராது.

ஒலுவில் ராத்தா:

சீனி வருத்தம் உள்ளவங்களுக்கு ஒரு பெட்டி கட்டாயம் போடுங்க தம்பி. எங்கட பக்கம் தாளை வாசிக்கிறவரில் நிறையப் பேர் அவங்கதான்.

மெட்போமின் மட்டும் எடுக்கிறவருக்கு நடையால் சீனி அளவுக்கு மீறி இறங்குவது அரிது. இன்சுலின், கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட், டொல்புட்டமைட் எடுக்கிறவருக்குத்தான் கவனம். தொடங்க முதல் அளந்து 90க்குக் (mg/dL) கீழே இருந்தால் 15 கிராம் மாச்சத்து எடுத்திட்டுப் போகணும்: ஒரு சின்ன வாழைப்பழம், இல்லாட்டி 3 தேக்கரண்டி சீனி. 70க்குக் கீழே என்றால் அந்த நேரம் நடை இல்லை. சீனித்தண்ணி குடிச்சு 15 நிமிடத்தில் திரும்ப அளக்கணும். கை நடுங்கி வேர்க்கும்போது “களைப்புத்தானே” என்று நடந்துகொண்டே போறதுதான் பெரிய பிழை. சட்டைப் பையில் சீனி மடிச்சு வச்சிருக்கணும். பிஸ்கட் மெதுவாகத்தான் ஏறும். இன்சுலின் ஊசியைத் தொடையில் போட்டு உடனே நடந்தால் மருந்து வேகமாக உறிஞ்சப்படும். அண்டைக்கு வயிற்றில் போடுங்க. அளவு மாற்றுவதைக் கிளினிக் டொக்டரிடம் கேட்டுத்தான் செய்யணும். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வச்சுப் பாருங்க. மரத்த பாதத்தில் கொப்புளம் வந்தால் வலி சொல்லாது.

நோன்பு காலத்துக்கு: பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு நோன்பு திறக்கிற மஃரிப் வரைக்கும் கடும் பயிற்சி வேண்டாம், சீனி விழுகிற நேரம் அது. நோன்பு திறந்து 1–2 மணித்தியாலம் கழிச்சு நடக்கலாம். தராவீஹ் தொழுகையின் குனிதல் நிமிர்தலும் உடல் அசைவுதான், அதுக்கு முதல் தண்ணி போதியளவு குடிக்கணும். 70க்குக் கீழே போனால் நோன்பை விடணும். நெஞ்சு இறுக்கம், இடது கைக்குப் பரவுகிற வலி, மயக்கம் வந்தால் அந்த இடத்திலேயே இருந்து 1990 அம்புலன்சுக்கு அடிக்கச் சொல்லிப் பெட்டியின் கீழே போடுங்க.

குடும்பநலம்:

முன்பள்ளிப் பக்கம் சின்னத் திருத்தங்கள். குப்புறப் படுக்க வைக்கிற 30 நிமிடம் ஒரே தடவையில் இல்லை, நாள் முழுக்கப் பிரித்து. முதல் கிழமைகளில் 3–5 நிமிடம், நாளைக்கு 2–3 தடவை; பிறகு கூட்டலாம். பிள்ளை விழித்திருக்க வேணும், ஆள் பக்கத்தில் இருக்க வேணும், பால் குடித்த கையோடு கூடாது. பாயில் ஒரு துணி விரித்தால் போதும். மெத்தை அமுங்கி மூக்கு புதையும். நித்திரைக்கு எப்போதும் நிமிர்த்தித்தான். குப்புற என்றதும் நித்திரைக்கும் அப்படியே போட்டிடுவாங்க என்ற பயம் இருக்கு, தாளில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்க.

விழித்திருக்கிற பிள்ளையை ஒரே மூச்சில் 1 மணித்தியாலத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது: தள்ளுவண்டி, சாய்கதிரை, இடுப்பில் கட்டித் தூக்குவது எல்லாம் இதில் அடங்கும். ஏணையையும் (துணித் தொட்டில்) அப்படியே பாருங்க, கண் விழித்ததும் தரைக்கு எடுங்க. சில்லு வைத்த வோக்கர் பிள்ளையை வேளைக்கு நடக்கவைக்காது. விரல் நுனியில் உந்தப் பழக்கும், படியில் கவிழும். கனடாவில் 2004இலேயே அதை விற்பதைத் தடைசெய்தாங்க. 2 வயசு வரும்வரை ஃபோன், ரீவி வேண்டாம். 2 முதல் 4 வரை 1 மணித்தியாலத்துக்குள்.

கர்ப்பிணித் தாய்மார் வரியே இல்லை! தடை ஒன்றும் இல்லாதவருக்குக் கிழமைக்கு 150 நிமிடம் நடுத்தர வேகம், பிரசவத்துக்குப் பிறகும் மெல்ல மெல்ல அந்த அளவுக்கு வரலாம். முதல் 3 மாதம் கழிந்தால் மல்லாந்து படுத்துச் செய்கிற பயிற்சி வேண்டாம், கருப்பை பெரிய இரத்தக் குழாயை அமத்தும். இரத்தம் படுதல், நீர் உடைதல், பிரஷர் ஏறி வீக்கம், கருப்பை வாய் பலவீனம் என்றால் பயிற்சியை நிறுத்தி டொக்டரிடம் போக வேணும். இடுப்படித் தசைப் பயிற்சி எல்லாத் தாய்மாருக்கும்: சலத்தை (சிறுநீரை) அடக்குகிற மாதிரி உள்ளே இறுக்கி விடுவது, 8 தரம், நாளைக்கு 3 வேளை. சலம் போகும்போது நிறுத்திப் பழகக் கூடாது. சலப்பை முழுதாக வெறுமையாகாது.

படுவான்கரை:

நேரத்தையும் போடுங்க. வெக்கையான கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில் 7 மணிக்கு முதல், இல்லாட்டி பின்னேரம் 5க்குப் பிறகு. வெக்கைக்குப் பழகாதவர் முதல் 7–14 நாள் நேரத்தைப் படிப்படியாகக் கூட்ட வேணும். தாகம் வரும்வரை பார்க்காமல் 15–20 நிமிடத்துக்கு ஒருக்கா ஒரு கிளாஸ் தண்ணி. எங்கட படுவான்கரைப் பக்கம் விடிய முதல் இருட்டில் நடக்கச் சொல்லாதீங்க, யானை நிற்கும். அந்த ஊர்களுக்கு நிலம் வெளிச்ச பிறகுதான். மழை மாசங்களுக்கு மண்டபத்துக் கதிரை.

கிளித்தட்டு சேர்:

தசைப் பயிற்சி 2 நாள் என்றதும் ஜிம் என்று நினைத்துப் பின்வாங்குவாங்க. வீட்டுச் சாமானால் ஒரு வரி சேருங்க. ஒன்றரை லீற்றர் போத்தல் நிரப்பினால் ஒன்றரைக் கிலோ, 5 லீற்றர் கான் 5 கிலோ. கதிரையில் எழும்பி இருத்தல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், குனிந்து கானை இடுப்புக்கு இழுத்தல், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குதல், குதிக்கால் உயர்த்தல். இந்த ஐந்தும் கால், இடுப்பு, முதுகு, வயிறு, நெஞ்சு, தோள், கை எல்லாத்தையும் தொடும். ஒவ்வொன்றும் 8–12 தரம், 2 சுற்று, அதே தசைக்கு இடையில் ஒரு நாள் ஓய்வு. கடைசி 2 தரம் கஷ்டப்பட்டு வர வேணும். 12ஐயும் கதைத்துக்கொண்டே முடிக்கிறவர் பாரம் கூட்ட வேணும்.

வாவிக்கரை:

எல்லாரின் திருத்தமும் ஏற்றாச்சு. ராத்தாவின் பெட்டி சிவப்புக் கோட்டுக்குள். 65+ வரி இப்போது: “கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் விறுவிறு நடை: கதைக்கலாம், பாட ஏலாது. 2 நாள் தசைப் பயிற்சி. 3 நாள் கதிரையில் எழும்பி இருத்தலும், ஜன்னல் கம்பி பிடித்து ஒற்றைக்காலில் நிற்றலும்.” ஏலாதவருக்கு?

பிசியோ கல்முனை:

“ஏலாதவர் ஏலுமான அளவு செய்யலாம், 5 நிமிடமும் கணக்கு” என்று அதே எழுத்தளவில் போடுங்க. வழிகாட்டலிலும் அப்படித்தான் இருக்கு. “ஒற்றைக்காலில்” என்பதை எடுத்திட்டு “ஒரே கோட்டில் குதிக்காலும் விரலும் முட்ட” என்று வையுங்க. ஒற்றைக்கால் நாலாவது நிலை, பலர் அதிலேயே தொடங்கி விழுவாங்க. தாளைக் கண் மட்டத்தில், ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்க. வாசித்துக்கொண்டே கம்பியைப் பிடிக்கலாம்.